இனிப்பு குறையும் பாட்டில்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. நலம்தான். குட்டிக்கு நெற்றியில் ஒரு சின்னக் கட்டு மட்டும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நின்றபடியே படிக்காதே, எங்காவது உட்கார். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை உங்கள் பீர் ஆலையிலிருந்து கடைகளுக்குக் கிளம்பப்போகும் லாரியை நிறுத்து. உன் கறுப்பு பீர் வீட்டுச் சூட்டில் வெடிக்கிறது.

சிரிக்காதே. போனில் பேச்சை எடுத்ததுமே சிரித்தாய். சைரன் ஊத ஆரம்பிச்சிடுச்சு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் நீ சொன்னது எனக்கும் கேட்டது. நான் பாதியைத்தான் சொல்லியிருந்தேன், மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியவள் நான்தான். குட்டி ஒரு தும்மல் தும்மினால் டாக்டர் வாசலில் நிற்பவளும் நான்தான். அந்தப் பட்டப்பெயரை யாரும் எனக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நடுவே புகுந்து சிரிக்க முடியாது பார்.

நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். இது பீர் இல்லடி, குடிக்கிற கேக் என்றாய். பீர் என்றாலே எனக்குக் கசப்புத் தண்ணீர்தான், மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் டம்ளரை வாங்கினேன். விளக்கில் பிடித்தால்கூட வெளிச்சம் ஊடுருவாத கறுப்பு. மேலே காபி நுரை நிறத்தில் ஒரு விரல் உயரத்துக்கு நுரை. வாயில் வைத்ததும் சாக்லேட், கொஞ்சம் பொறுத்து வறுத்த பார்லியின் வாசனை, தொண்டையில் இறங்கும்போது பேரீச்சம்பழம். எதைக் கொடுத்தாலும் ஒரு "ம்" போடுகிற இவர், அன்றைக்கு இரண்டு "ம்" போட்டார். ஏதோ விருது கிடைத்த மாதிரி அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி தூங்கியதும் ஒரு பாட்டிலை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது. ஆளுக்கு அரை டம்ளர், ஒரு துண்டு கேக். அதற்கு மேல் போனால் தலை சுற்றும், அத்தனை வேகம் அந்த இனிப்புக்குள். இவர் வாரம் முழுக்கச் சொல்லாத ஆபீஸ் கதையெல்லாம் அந்த அரை டம்ளரில்தான் வெளியே வரும். குழந்தை பிறந்ததிலிருந்து ஒரு காதை எப்போதும் தொட்டில் பக்கமே வைத்திருந்தவள் நான். அந்தக் காதுக்கு அப்போதுதான் கொஞ்சம் லீவு. அதை நீதான் கொடுத்தாய். நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, இப்போது சொன்னால் நீ தப்பாக எடுத்துக்கொள்வாய்.

சில வாரம் போனதும் எனக்கு என்னவோ போல இருந்தது. இனிப்பு குறைந்திருக்கிறது என்றேன். கேக் தின்ன வாய்க்கு எது இனிக்கும் என்றார் இவர். அடுத்த ஞாயிறு கேக்கைத் தொடாமல் குடித்தேன். இன்னும் குறைவு. மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி மேஜை விரிப்பெல்லாம் கறுப்பாகிவிட்டது. அப்போதே உன்னிடம் கேட்டேன். தூக்கும்போது பாட்டிலைக் குலுக்கியிருப்பே என்றாய். இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தது. பெட்டி இருந்தது அடுப்படியை ஒட்டிய அலமாரியில், கீழ்த்தட்டில். அந்தச் சுவர் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். குட்டிக்கு இப்போது கதவுகள்தான் விளையாட்டு, எதைக் கண்டாலும் திறக்க வேண்டும், மூட வேண்டும். கொக்கி போட்டுத்தான் வைத்திருந்தேன், அதைத் தள்ளக் கற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு டியூப்லைட் வெடித்ததென்று மேலே பார்த்தேன். குட்டி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் அழாமல் இருந்ததுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. முகத்தில் கறுப்பாக வழிந்தது. பீர் என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். முந்தானை சிவந்தது.

பதறாதே. புருவத்துக்கு மேலே தையல் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கும் காயத்துக்கும் நடுவே என் சுண்டுவிரலை வைக்கலாம், அவ்வளவு இடம். விளக்கடித்துப் பார்த்த டாக்டர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட நர்ஸ்தான், குழந்தை மேல என்னம்மா இப்படி பீர் வாடை என்று கேட்டுவிட்டு இவரை ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்கு வந்து குட்டியை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, இவர் ஹெல்மெட், மழைக்கோட்டு, பைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அலமாரிக்குப் போனார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பாதி வழியில் இன்னொன்று வெடித்தது. மீதியை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஐஸ் கொட்டிய வாளிகளில் இறக்கினோம். அக்கம்பக்கத்தில் கொடுத்ததையும் கையோடு திரும்பக் கேட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வீட்டை இன்னிக்குத்தாம்மா பார்க்கிறேன் என்றார். மாடிவீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், நேத்தே குடிச்சாச்சு, பொங்கி சட்டையெல்லாம் போச்சு, கேக் மாதிரி இருக்கும்னீங்க, கசக்குது, உங்க அக்கா மனசு நோகக் கூடாதேன்னு நல்லா இருக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன் என்றார்.

அக்கா, ஒரே ஒரு பாட்டில் முதல் நாளிலிருந்தே ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. அதைத் திறந்தேன். பொங்கவே இல்லை. நீ ஊற்றிக் கொடுத்த அதே பீர், அதே கேக். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த முறை கடைசியில் பேரீச்சம்பழப் பாகு சேர்த்தேன் என்று பெருமையாகச் சொன்னாயே, ஈஸ்டைக் குளிரில் தூங்கவைத்துவிட்டேன், இனி அந்த இனிப்பைத் தொடாது என்றாயே. தூங்கத்தான் செய்தது, சாகவில்லை. உங்கள் குளிர் அறையில் இன்னும் தூங்குகிறது. என் அலமாரிச் சூட்டில் எழுந்து உட்கார்ந்து பாகைத் தின்கிறது, தின்றதைக் காற்றாக விடுகிறது, அந்தக் காற்றுக்கு வெளியே போக வழியில்லை. அதனால்தான் உன்னிடம் ஒன்றுகூட வெடிக்கவில்லை. வெடிக்கவும் செய்யாது. கடைத் தட்டில் வெடிக்கும். யாரோ ஒருத்தியின் அடுப்படியில் வெடிக்கும்.

விடிந்ததும் இந்தக் கடிதத்தோடு இவரே அங்கே கிளம்பி வருகிறார். கூடவே இரண்டு பிளாஸ்க் அனுப்புகிறேன். கண்ணாடியை அவர் கையில் கொடுத்தனுப்ப மனசில்லை. அலமாரி பாட்டில்களை நன்றாகக் குளிரவைத்து, தொட்டிக்குள் துண்டு போர்த்தித் திறந்து ஊற்றியிருக்கிறேன். பச்சை மூடியில் இருப்பது ஃபிரிட்ஜில் இருந்தது. சிவப்பு மூடியில் இருப்பது அலமாரியில் இருந்தது. என்னை நம்ப வேண்டாம், உன் நாக்கை நம்பு. இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடி. இனிப்பு அளப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவாயே, அதையும் விட்டுப் பார். இவரிடம் எதையும் கேட்காதே, "ம்" என்பார்.

இந்த பீர் உனக்கு என்னவென்று தெரியாமல் நான் எழுதவில்லை. தொட்டி கழுவவும் மூட்டை தூக்கவும் உன்னை எத்தனை காலம் விட்டிருந்தார்கள்! பொம்பளை பீர் காய்ச்சினா சாக்லேட்டுதான் போடுவா என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடித்ததை, நீ சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாய். சொல்லிவிட்டுப் போய் நெடுநேரம் முகம் கழுவினாய். அந்த முதலாளி இப்போதுதான் இறங்கிவந்து உன்னைக் காய்ச்ச விட்டிருக்கிறார். நிறுத்தச் சொன்னால் இன்னொரு தடவை வாய்ப்புத் தருவாரோ, மறுபடியும் தொட்டி கழுவ அனுப்புவாரோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாகத்தான் முடியும் என்று பொய் சொல்லவும் வரவில்லை.

அம்மாவிடம், குட்டி மேஜை முனையில் இடித்துக்கொண்டாள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல். வருகிற வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள், அன்றைக்கு நீ வந்தால் நன்றாக இருக்கும். வரத் தயங்காதே. கட்டைப் பிய்த்துப் போடாமல் இருக்க அவளுக்கு எப்போதும் யாராவது மடி வேண்டியிருக்கிறது, அம்மா மடி அலுத்துவிட்டதாம், பெரியம்மா எங்கே என்று கேட்கிறாள்.

கடைசியாக ஒன்று. உன் முதலாளியின் நம்பர் இவர் போனில் இருக்கிறது. நாளைக்கு சனிக்கிழமையும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தொடமாட்டேன். திங்கட்கிழமை லாரி கிளம்புவதற்குள் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்றால் அந்த நம்பருக்குப் பேசுவேன். மிரட்டுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். நீ போய்ச் சொன்னால், தன் பீரைத் தெரிந்தவள் பேசுகிறாள் என்று கேட்பார்கள். நான் சொன்னால் அது உன் மேல் புகார். என் குழந்தையின் காயத்தைக் காட்டி உன் மேல் ஒரு புகார் சொல்லும்படி என்னை வைத்துவிடாதே அக்கா.

உன் கைக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, உன் குரலுக்காகக் காத்திருக்கும்

தங்கை