முன்கூட்டிச் சொன்ன சாட்சி

மட்டாஞ்சேரி
11 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

இன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "ஆமாம், அது நான்தான்."

வில்லேஜ் ஆபீசர் தன் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். உங்கள் சபையின் ஃபேஸ்புக் பக்கம். துப்பட்டாவால் தலையை மூடி, இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்மூடி அழுகிற ஒரு பெண். மேலே தமிழில் ஒரு வரி. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கிளார்க் வெங்கிட்டுவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். "சகோதரி ஜிஷாவுக்கு அரசு வேலை தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்." கீழே நானூறு ஆமென்.

"இது மோளாணோ?" என்று கேட்டார், இது நீதானா என்று.

"படத்துல வெளிச்சம் சரியில்ல சார்."

"முகத்துல நல்ல வெளிச்சம் இருக்கே" என்று வெங்கிட்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

யாரோ பெயர் போடாமல் மனு அனுப்பியிருக்கிறார்கள். அரசு வேலைக்கான பட்டியலில் என் பெயர் வந்தது நம் பட்டியல் சாதிச் சான்றிதழால். கிறிஸ்தவத்துக்கு மாறினால் அது செல்லாது. உன் ஞானஸ்நானத்துக்குப் பிறகு உன் சான்றிதழுக்கு என்ன ஆனது என்று உனக்கே தெரியும். ஜூலை பதினைந்துக்குள் நான் பதில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு.

வேலையே இன்னும் வரவில்லை, அக்கா. வராத வேலைக்கு யார் நன்றி சொன்னது? படம் பெண்கள் பக்கத்து ஜன்னலோரத்தில் நின்று எடுத்தது. அங்கே நீதான் நின்றிருந்தாய்.

ஒரு படகு தூரத்தில் இருக்கிற உனக்குத் தபால் எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது உன் போனிலிருந்து எங்கெங்கே போகும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜிஷா

வைப்பின்
15 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி எப்படி? நான் கேட்டேன் என்று சொல்லாதே, சும்மா விசாரித்து எழுது.

பேனா பிடித்துத் தமிழ் எழுதி எத்தனை காலம் ஆயிற்று! உன் கடிதம் புத்தகம் மாதிரி இருக்கிறது. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

படம் எடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெண்கள் ஜெபக் குழுவில் மட்டும்தான் போட்டேன். ஃபேஸ்புக்கில் யார் போட்டார்களோ தெரியாது.

வராத வேலைக்கு நன்றியா என்று கேட்டாய். எங்கள் சபையில் அது பழக்கம். கேட்டது கைக்கு வரும் முன்பே வந்துவிட்டதாகச் சாட்சி சொல்ல வேண்டும். வந்த பிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும், அதற்கு விசுவாசம் எதற்கு? என் சின்னவளுக்கு டைஃபாய்டு வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். எழுந்து ஓடினாள்.

பயப்படாதே மோளே. நல்லதே நடக்கும்.

உன் அக்கா
எஸ்தர்

மட்டாஞ்சேரி
20 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு முட்டுவலி குறையவில்லை. அதோடுதான் தெருக் கூட்டப் போகிறார். வரும் மார்ச்சோடு ஓய்வு. அதற்குள் நான் ஒரு அரசாங்க மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் சபையின் பக்கத்தை மூன்று வருடங்கள் பின்னால் போய்ப் பார்த்தேன். எல்லாப் பதிவும் மலையாளம். ஒன்றே ஒன்று மட்டும் தமிழ். உங்கள் சபையில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அக்கா?

நீ பொய் சொல்ல மாட்டாய் என்று நினைத்திருந்தேன். இப்போது உன் சின்னவள் உண்மையில் எப்போது எழுந்து ஓடினாள் என்றுகூட யோசிக்கிறேன்.

ஆபீசர் ஒரு வழி சொல்கிறார். ஜிஷா விருந்தாளியாக வந்தாள், ஜெபிக்கவில்லை என்று படம் எடுத்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விசாரணையை முடித்துவிடுவாராம். எழுதி அனுப்பு.

ஜிஷா

வைப்பின்
26 ஜூன் 2024

பிரியமான ஜிஷாவுக்கு,

ஆமாம், நான்தான் போட்டேன். நீ படிக்க வேண்டும் என்றுதான் தமிழில் போட்டேன். வேறு யாரும் தேடிப் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை. பதிவை எடுத்துவிட்டேன். பயத்தில் உன்னிடம் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்.

சின்னவள் விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம். அது வலித்தது.

நீ என்னைச் சந்தேகப்படுகிற மாதிரி எனக்கும் உன்மேல் ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு வருடமாக நான் கூப்பிட்டும் வராதவள், பட்டியல் வந்த வாரத்தில் வந்தாய். முன்வரிசையில் நின்றாய். யாருமே கைதூக்கச் சொல்லவில்லை, நீயாகத் தூக்கினாய். அன்று அழுதது வேலைக்காகவா, ஆண்டவருக்காகவா?

நீ கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியாது. கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவேன்? சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்தி, உங்கள் விசுவாசத்தை எங்கேயும் வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறவள் நான்.

எஸ்தர்

மட்டாஞ்சேரி
2 ஜூலை 2024

அக்கா,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பஜாரில் சாயாக் கடையில் யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள், "வேலா, ரெண்டாமத்தவளும் சபைக்குப் போயாச்சோ?" என்று. வீட்டுக்கு வந்து துடைப்பத்தைச் சாத்திவைத்தார். என்னை ஏசவில்லை.

"நீயும் போயிட்டியா பிள்ளே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா."

"அவ என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. நீ அதுகூடச் சொல்லல."

அதற்குப் பிறகு இன்றுவரை பேச்சில்லை.

நான் அழுதது எதற்கு என்று நீ கேட்டாய். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்தேன். கண்ணை மூடினால் யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிற அளவுக்கு முட்டாளாக இருந்தேன்.

இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

ஜிஷா

வைப்பின்
8 ஜூலை 2024

ஜிஷாவுக்கு,

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். "என் தங்கை ஜிஷா என் வீட்டு விருந்துக்கு வந்தாள். நான் வற்புறுத்தியதால் சபையில் நின்றாள். அவளுக்கு இந்த விசுவாசம் கிடையாது. கையை உயர்த்தியதும் அழுததும் என் மனம் கோணாதிருக்கச் செய்த நடிப்பு." இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போதுமா பார்த்துக்கொள்.

ஒளித்துச் செய்ய மனம் வரவில்லை. பாஸ்டரிடம் காட்டிவிட்டேன். இனிமேல் பெண்கள் கூட்டத்தை நான் நடத்துவதில்லை. அவர் அதட்டவில்லை. "சகோதரி, கொஞ்ச நாள் பின்னால் உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. இந்தத் தாளில் எழுதியது பொய்யா, மெய்யா? பொய் என்றால் உனக்காகச் சொன்னேன் என்று சுமந்துகொள்வேன். மெய் என்றால் நான் அன்று பார்த்தது என்ன? எனக்கு மட்டும் சொல். யாருக்கும் காட்ட மாட்டேன்.

உன் அக்கா

மட்டாஞ்சேரி
16 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நேற்று தாளைக் கொடுத்தேன். வெங்கிட்டு உரக்க வாசித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "அபிநயம் ஆயிருந்நு, அல்லே?" என்று ஆபீசர் கேட்டார், எல்லாம் நடிப்புதானே என்று. ஆமாம் என்றேன். கோப்பில் ஏதோ எழுதி மூடினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உன் கேள்விக்குப் பதில் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கிழித்தேன். காட்ட மாட்டேன் என்று நீ சொல்வதை நம்பவே ஆசைப்படுகிறேன். ஆனால் எழுதும்போதே, என் வரிகளை உன் சபையில் யாரோ வாசிப்பது காதில் கேட்கிறது. சந்தோஷம் வந்தால் உன்னால் தாங்க முடியாது, நாலு பேரிடம் சொல்வாய். உன் குணம் அது.

அதனால் நேரில் சொல்கிறேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஃபோர்ட் கொச்சி படகுத்துறைக்கு வா. தனியாக வா. போனை வீட்டில் வைத்துவிட்டு வா.

ஜிஷா

மட்டாஞ்சேரி
5 ஆகஸ்ட் 2024

அக்கா,

மூன்று ஞாயிறும் ஆறு மணி வரை நின்றேன். நீ வரவில்லை, கடிதமும் இல்லை. பதிலைக் கேட்கப் பயந்துவிட்டாய் போலிருக்கிறது; அது என்னிடமே இருக்கிறது.

இன்று காலை பத்து மணிக்கு வேலையில் சேர்ந்தேன். அப்பா ஆபீஸ் வாசல்வரை கூட வந்தார்.

ஜிஷா