தரையில் அடைத்த துணியை முதலில் எடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகம்தானா என்ற வரியை இத்தனை வருஷமாகக் கை தானாகவே எழுதிவிடும், இன்றைக்கு அதை எழுதும்போது பேனா நிற்கிறது. இந்தக் கடிதத்தைக் கொடுக்கிற சிலிண்டர் லாரி டிரைவர் அண்ணன் நீங்கள் தங்கியிருக்கிற கேரவன் வண்டிவீட்டு வாசலில் நிற்கும்போதே ஒரு காரியம் செய். ஹீட்டரையும் அடுப்பையும் அணைத்துவிட்டு, கதவை விரியத் திறந்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு. கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, பிறகு மாப்பிள்ளை உள்ளே குனிந்து, அடுப்புக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் காற்று வருவதற்காகத் தரையில் விட்டிருக்கிற ஓட்டைகளில் அடைத்து வைத்திருக்கிற துணியை உருவி எடுக்கட்டும். மிச்சத்தை வெளியே நின்றே படி.

அப்பாவை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பதறாதே, பிழைத்துவிட்டார், இதை அவர் கட்டிலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நம் டென்ட், கேரவன் கடைக்குப் பின்னால் விற்காமல் நிற்கிறதே அந்தப் பழைய கேரவன், அதுதான் அவருடைய தனி அரண்மனை என்று உனக்குத் தெரியும், பேப்பரை எடுத்துக்கொண்டு போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். இரண்டு நாளாகத் தலைவலி, குமட்டல் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் வாயுத் தொந்தரவு என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். நேற்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. நம் மெக்கானிக், ஸ்பானர் என்று நாம் கூப்பிடுவோமே, அவரைக் கூப்பிடப் போனவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், ஹீட்டரில் தீ நீலமாக இல்லை, மஞ்சளாக நக்கிக்கொண்டு எரிகிறது. கதவை உதைத்துத் திறந்து, அப்பாவை மூட்டை மாதிரி வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். ‘அக்கா, தரையில எல்லா ஓட்டையிலயும் துணியைத் திணிச்சு வச்சிருக்காரு, மூச்சு எங்கிருந்து வரும்’ என்று கத்தினார். காற்று வராத இடத்தில் கேஸ் எரிந்தால் விஷக் காற்றாகிவிடும், அதற்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது, தூக்கம்தான் வரும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

எனக்கு உண்மையான பயம் வந்தது அப்போது இல்லை. கண் விழித்ததும் இந்த மனுஷர் ஆக்ஸிஜன் மாஸ்க்கை இழுத்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தையில்தான். ‘மாப்பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்துட்டேனேடி’ என்றார். கடற்கரை கேம்பில் அந்தத் துளைப் பாறைக்கு எதிரே முதல் வரிசையில் இடம் பிடித்திருக்கிறோம், பாறை ஓட்டை வழியாக வருகிற காற்று தரையைப் பிய்த்துக்கொண்டு ஏறுகிறது, பாப்பா கால் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று மாப்பிள்ளை போனில் சொன்னாராம். உடனே மாமனார் ஓட்டையில் துணி அடைக்கச் சொல்லிப் பெருமையாக யோசனை கொடுத்திருக்கிறார், சொன்னதோடு நில்லாமல் தன் அரண்மனையிலும் அடைத்துப் பார்த்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காத மாப்பிள்ளை, கேட்டது இந்த ஒன்றைத்தானா!

அதிலிருந்து நீ கடைசியாகப் போனில் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். சுவரில் ஒட்டிய வெள்ளை டப்பா சும்மா சும்மா கத்துகிறது, அதன் பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போட்டுவிட்டோம் என்றாய். நானும் சிரித்தேன். அந்த டப்பாவை நானே ஆயிரம் பேருக்கு விற்றிருக்கிறேன், விஷக் காற்று சேர்ந்தால்தான் கத்தும், சும்மா கத்தாது என்று வாடிக்கையாளர்களிடம் தொண்டை வற்றச் சொல்கிறவள், மகள் சொன்னபோது சிரித்தேன். பிறகு நீ சொன்னாய், கடல் காற்று பாப்பாவுக்கு ஒத்துக்கொண்டது, எழுப்பினாலும் எழ மாட்டேன் என்கிறாள் என்று. நன்றாகத் தூங்கட்டும், எழுப்பாதே என்றேன். அந்த வாக்கியம் காதைவிட்டுப் போகவில்லை.

போன் போடாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. காற்றில் அங்கே டவர் சாய்ந்துவிட்டதாம், உன் போனும் மாப்பிள்ளை போனும் செத்துக் கிடக்கின்றன. கேம்ப் ஆபீஸ் போன் அடிக்கிறது, சீசன் முடிந்ததால் எடுக்க ஆளில்லை. பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் எடுத்து, ‘போய்ப் பாக்குறோம்மா’ என்றார், கொட்டாவியும் கூடவே கேட்டது. நானே லாரியில் ஏறியிருப்பேன், அப்பாவுக்கு எந்த நேரமும் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்கிறார்கள். டிரைவர் அண்ணனிடம் வாயாலும் சொல்லியிருக்கிறேன், கதவு திறக்காவிட்டால் உடைக்கச் சொல்லியிருக்கிறேன், கேரவன் என்னுடையது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் லாரிக்காரர் சொன்னால் மாப்பிள்ளை விவரம் கேட்டு நிற்பார், அதனால்தான் எழுத்து.

இனி அங்கே ஹீட்டர் வேண்டாம். குளிர்ந்தால் மூன்று பேரும் ஒரே கம்பளியில் படுங்கள், காலுக்குச் சுடுதண்ணீர்ப் பை வையுங்கள், இரண்டும் லாரியில் அனுப்பியிருக்கிறேன், டப்பாவுக்குப் புது பேட்டரியும் இருக்கிறது, டார்ச்சுக்குத் தனியாக வைத்திருக்கிறேன், டப்பாவில் கை வைக்காதே. கரி அடுப்பில் சமைத்தால் கனல் இருக்கிறதே என்று உள்ளே கொண்டுவராதே. முதல் வரிசையை விட்டு மரங்களுக்குப் பின்னால் வண்டியை நகர்த்து, பாறை அங்கிருந்து தெரியாவிட்டால் நடந்து போய்ப் பார், அது எங்கும் ஓடிவிடாது. பாப்பாவுக்குத் தலைவலியோ வாந்தியோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இதே லாரியில் ஏறி டாக்டரிடம் போ. மாப்பிள்ளையை நான் திட்டியதாகச் சொல்லாதே, அப்பாவைத் திட்டி முடித்த பிறகு அவருக்கென்று நேரம் ஒதுக்குகிறேன். இங்கே கடையைச் சித்தி பார்த்துக்கொள்கிறாள், வந்தவர்களிடம் எல்லாம் அழுது அழுது பாதி விலைக்கு டென்ட் விற்கிறாளாம், விற்கட்டும், எனக்கு இன்றைக்கு எதுவும் உறைக்கவில்லை.

மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், கோபத்திலும் என் ஆசீர்வாதம் அதுதான். துணியை எடுத்துவிட்டோம், நன்றாக இருக்கிறோம் என்று நீ எழுதினாலும், டிரைவர் அண்ணன் வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறீர்கள் என்றுதான் தோன்றும். அதனால் இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பாப்பா கையில் பேனாவைக் கொடுத்து, நீ பிடித்துக் கொடுக்காமல், அவள் இஷ்டத்துக்குக் கிறுக்க விட்டு, அதே லாரியில் திருப்பி அனுப்பு. அது வருகிறவரை இந்தப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
லாரி வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா