கொம்பு முளைக்காத மண்டையோடு

என் அன்பான உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் இங்கே நன்றாக அசடு வழிந்தேன். டைனோசர் எலும்புகளில் ஒட்டியிருக்கும் பாறையைச் சுரண்டுவதுதானே என் வேலை? ஒரே குழியில் கிடைத்தவற்றில் கொம்புள்ள பெரிய மண்டையோடு ஒன்று, கொம்பே இல்லாத சின்னது ஒன்று. இரண்டும் வேறு வேறு இனம் என்று சாதித்து, தனித்தனி இழுப்பறையில் வைத்துவிட்டேன். பிறகு சின்னதோடு கிடைத்த கால் எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். வளர்ச்சி முடியாத எலும்பு. அது பெரியதன் இனத்துக் குட்டியேதான். வளர்ந்த பிறகுதான் கொம்பு வருமாம்.

"ஒரே வீட்டுப் பிள்ளையைத் தனிக்குடித்தனம் வெச்சுட்டியேம்மா!" என்று எங்கள் மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் பட்டியலில் ஓர் இனம் குறைந்துபோனது. நானும் சிரித்து வைத்தேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் உங்களை ஒட்டி நிற்பது யார் வீட்டுப் பெண் என்று கேட்க இருந்தேன். பிறகுதான் காதைப் பார்த்தேன். அச்சு அசலாக உங்கள் காது.

நம் வாண்டுக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள். பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன். இன்றைக்கே அனுப்புங்கள், தள்ளிப்போட்டால் அதற்குள் இன்னும் வளர்ந்துவிடுவாள்.

உங்கள்
நான்