அந்த லொறி வரவேண்டாம்

பிளாக்டவுன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பிரஷாந்தனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். கல்கரியில் பனி இறங்கத் தொடங்கிவிட்டதாம். நீயும் மருமகள் தர்சினியும் நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மேய்ஸ் ஹில் முருகனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம். பேசினால் நீ நடுவில் புகுந்து ஆங்கிலத்தில் நியாயம் சொல்வாய், எனக்குக் கோபம் வரும், அம்மா போனைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

போன வாரம் மெல்பேர்ன் மல்கிரேவிலிருந்து உன் நண்பன் தனேஷ் போன் எடுத்தான். மலேசியாப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். அங்கிள், உங்களுக்கு ஒரு சர்ப்பிரைஸ் இருக்கு, என்னன்னு சொல்ல மாட்டேன், ஆனா அடுத்த மாசம் முதல் புதன்கிழமை லாரி வரும்போது கார்ச்சாவியோட வீட்ல இருங்க என்றான். இப்படி ஒரு சர்ப்பிரைஸை நான் என் எழுபது வயதில் கண்டதில்லை. பிறகு அவனிடமே கேட்டு எல்லாம் அறிந்தேன். நம் பழைய ஃபால்கன் காரை மெல்பேர்னுக்கு ஏற்றிப்போய், புது எஞ்சின் வைத்து, ஓட்டோமட்டிக் கியர்பொக்ஸைக் கழற்றிக் கையால் மாற்றுகிற ஐந்து கியர் பெட்டி போட்டு, முன்னால் இருக்கிற நீள இருக்கையை எடுத்துவிட்டு இரண்டு தனிக் கதிரை பூட்டி, என் பிறந்தநாளுக்குத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. மசில் கார் என்று நீங்கள் சொல்கிற இந்த வகைக் கார் ஓட்டோமட்டிக்காக இருந்தால் பல்லில்லாத புலி என்று நீ அவனுக்குச் சொன்னாயாம். அப்பாவுக்கு இனிக் காருக்குக் கீழ படுக்கேலாது என்று அம்மாவிடம் சொன்னதும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. படுக்கலாம். எழும்பத்தான் கொஞ்ச நேரம் எடுக்கிறது.

உன் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் என் காரின் வயிற்றைக் கிழிக்க நாள் குறித்தது எனக்கு மனவருத்தம். அதைவிட வருத்தம், அந்தக் கார் ஏன் ஓட்டோமட்டிக் என்பதை நீ மறந்துபோனது. அம்மாவின் இடதுகாலைக் கொஞ்சம் நினைத்துப் பார். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து போகையில் டிராக்டரிலிருந்து விழுந்து முறிந்த கால். ஒழுங்காகப் பொருத்திக் கட்ட அன்று ஆளில்லை. முழங்கால் அரைவாசிக்கு மேல் மடங்காமலே போயிற்று. இங்கே வந்து அவள் வெஸ்ட்மீட்டில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போகவேண்டும், உன்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக வேண்டும், நான் தொழிற்சாலையில் ஷிஃப்ட். எங்கள் ஆட்கள் எல்லோரும் வாங்கிய சின்னச் சின்ன ஜப்பான் கார்களில் ஏற்றிப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லாமல் வேர்த்துப்போய் இறங்கினாள். கடைசியில் பென்றித்தில் ஒரு கிழவரின் வீட்டு முற்றத்தில் இது நின்றது. எழுபத்து நான்காம் ஆண்டுக் கார், வி-எட்டு எஞ்சின், பெற்றோல் குடிக்கும் என்று அந்த நாளில் ஒருவரும் திரும்பிப் பாராதது. கியர்த் தடி தரையில் இல்லாமல் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருந்தது, முன்னால் கட்டில் போல நீள இருக்கை. அம்மா ஏறி இருந்து, அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்து, பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். எஞ்சினை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீ கழற்றச் சொல்கிற இருக்கை அதுதான்.

கோயிலுக்குக் கொண்டுபோன நாள் உனக்கு நினைவிருக்கும், உனக்கு எட்டு வயது. நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்துக் குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டு நின்றார். நான் ஊரில் கையால் கியர் மாற்றுகிற ஏ-ஃபோர்ட்டி கார் ஓட்டிப் பழகியவன், ஓட்டோமட்டிக்கின் குணம் தெரியாது. புறப்பட ஆயத்தமாக இருப்போம் என்று கியர்த் தடியை டிரைவில், அதாவது ஓட்டத்தில் போட்டு வைத்துவிட்டு, கற்பூரம் காட்டியதும் கை கூப்பினேன், கண்ணை மூடினேன், காலும் தானாக பிரேக்கிலிருந்து வந்துவிட்டது. மந்திரம் முடியுமுன் கார் ஊர்ந்து நாலு தேசிக்காயையும் நசித்துவிட்டது. குருக்கள் தட்டத்தோடு துள்ளி விலகி, தம்பி, முருகனுக்கே இவ்வளவு அவசரமில்லை என்றார். நீ பின்சீற்றில் விழுந்து விழுந்து சிரித்தாய். நான் இன்றைக்கும் சொல்வேன், அந்த இடம் சரிவு. அன்றுமுதல் காரில் எது பழுதானாலும் அம்மா வைப்பரைக்கூட அந்தத் தேசிக்காயோடுதான் முடிச்சுப் போடுவாள்.

அந்தக் காரில்தான் அவள் லைசென்ஸ் எடுத்தாள். அதில்தான் உன்னை விடிய வெள்ளன நீச்சலுக்குக் கொண்டுபோனாள். சின்ன வகுப்பில் உன் கூட்டாளிகளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லிப் பெருமைப்பட்டாய். பெரிய வகுப்புக்குப் போனதும், வெட்கமாக இருக்கிறது, மூலையில் இறக்கிவிடுங்கோ அம்மா என்றாய். மூலையில் இறங்கியவன் இன்று இன்னும் பெரிய சத்தம் வைக்கப் பார்க்கிறாய். இருக்கட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சொல்லவேண்டாம் என்று அம்மா தடுத்திருந்தாள். போன தைப்பூசத்தன்று கோயிலுக்குப் போகிற வழியில், மேட்டில், கியர்பொக்ஸ் வழுக்கியது. எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. பின்னால் வரிசையாக ஹோர்ன். ஒருவன் கண்ணாடியை இறக்கி, வயது போனவர்கள் பஸ்ஸில் போகவேண்டியதுதானே என்று கத்தினான். அம்மா ஒரு மாதிரி ஓரங்கட்டிவிட்டுச் சாவியை என் கையில் தந்து, எனக்கு இனிக் காணும் என்றாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சேலை உடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சிறி அங்கிள் கூட்டிப்போக வருவார் என்று வாசற் கதிரையில் காத்திருந்தாள். யாரையும் காத்திருக்காமல் இருபத்தைந்து வருடம் இந்த நகரத்தில் ஓடித் திரிந்தவள். அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா?

ஆகவே திட்டம் போட்டேன். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நூலகத்துப் புத்தகமும் என் பிடிவாதமும்தான். உன்னைப்போன்றவர்கள் முதலில் எஞ்சினைப் பெருக்கிவிட்டு, பிறகு கியர்பொக்ஸ் செத்துவிட்டது என்று அழுவீர்கள். நான் முதலில் கியர்பொக்ஸில் கை வைத்தேன். சிறி அங்கிளும் நானும் ஜாக்கி வைத்து இறக்கினோம். அது முழுநாள் வேலை. அண்ணை, பிள்ளைப்பேறு பார்க்கிற மாதிரி இருக்கு, அம்மாவும் பிள்ளையும் சுகமோ என்று அவர் கீழே படுத்தபடி கேட்டார். உள்ளே இருக்கிற கிளட்ச்சுத் தட்டுகள் கருகிப்போயிருந்தன. கழற்றிய ஒழுங்கு மாறக்கூடாது என்று அம்மாவின் இடியப்பத் தட்டுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு செட்டாகப் பரப்பி வைத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து, உங்களுக்கு விசரே, இனி இதில ஆர் இடியப்பம் அவிக்கிறது என்றாள். புதுக் கிளட்ச்சுத் தட்டுகளைப் பூட்டுமுன் கியர் எண்ணெயில் ஊறப்போட வேண்டும். அதைச் சொன்னதும், உழுந்து மாதிரியோ, எவ்வளவு நேரம் ஊறவேணும் என்று கேட்டாள். தைப்பூசத்துக்குப் பிறகு அந்தக் காரைப்பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். எண்ணெய் சூடேறாமல் முன்னுக்கு ஒரு தனிக் கூலரும் பூட்டினேன். கியர் மாறுவதை மட்டும் உங்கள் ஆட்கள் செய்வதுபோல முதுகில் உதைக்கிற மாதிரி வைக்கவில்லை. அந்தக் காலுக்கு அதிர்ச்சி கூடாது.

பூட்டி முடித்ததும் முதலில் ஓட்ட மாட்டேன், கோயிலில் திரும்பவும் பூசை செய்தால்தான் என்றாள். நேற்றுக் காலை போனோம். அங்கே போய்ச் சேரும்வரை நான் ஓட்டினேன். பூசைக்கு அவளை ஸ்டியரிங்கில் இருத்தினேன். மாட்டேன் என்றவள், குருக்கள், அம்மா ஏறுங்கோ, இந்த முறை ஐயாவை நம்பேலாது என்றதும் சிரித்துக்கொண்டு ஏறிவிட்டாள். அதே குருக்கள்தான், தாடி மட்டும் வெள்ளை. அவளும் தடியை ஓட்டத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள், வேண்டுமென்றே. மந்திரம் முடியும்வரை, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, திருநீறு தரும்வரை, வலதுகாலால் அந்தக் காரை ஒரு அங்குலம் அசையவிடவில்லை. கை கூப்பவுமில்லை. பிறகு மெதுவாகக் காலை எடுத்தாள். நாலு தேசிக்காயும் நசிந்தன. நிறுத்துவாள், நான் ஏறலாம் என்று நின்றேன். நிறுத்தவில்லை. கோயில் வளவைத் தாண்டி, சிக்னல் போட்டு, வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டாள். என் செருப்பும் போனும் காருக்குள். கையில் தேங்காய்ப் பாதியோடு, சுடுகிற தாரில் கால் மாற்றி மாற்றி நான். ஐயா, அம்மாவுக்கும் அவசரம்போல என்றார் குருக்கள்.

எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து கண்ணாடியை இறக்கி, கியர் மாறுறதே தெரியேல்லை என்றாள். எனக்கு அது போதும், பிரஷாந்தன். ஆனால் அவளுக்குப் போதவில்லை. அந்த மேட்டில திரும்ப ஏறிப் பாத்தனான், ஏறுது, ஆனா இழுவை காணாது, எஞ்சினையும் ஒருக்காப் பாருங்கோ என்றாள்.

ஆகையால் எஞ்சின் வேலை இப்போது அம்மாவின் உத்தரவு. நீ தனேஷுக்கு அனுப்பி, அவன் எனக்கும் அனுப்பிய படத்தில் இருக்கிற, எஞ்சின் வால்வுகளைத் திறக்கிற அந்தப் பெரிய கேம் தண்டு வேண்டாம். அது சந்தியில் நிற்கும்போது கடகடவென்று குலுங்கும், கேட்க அழகு. ஆனால் பிரேக்குக்கு உதவி செய்கிற வெற்றிட இழுவை குறைந்து, மிதி கல்லாகிவிடும். ஒரு காலால் ஓட்டுகிறவளுக்கு அந்தக் காலும் நோகவேண்டுமா? அடக்கமான கேம் ஒன்று, இலேசான அலுமினிய ஹெட் இரண்டு, நல்ல காபரேட்டர் ஒன்று. கீழ் வேகத்திலேயே இழுக்கவேண்டும், மேட்டுக்கு அதுதான் தேவை. அலுமினிய ஹெட்டை நீ வாங்கி அனுப்பு, பிறந்தநாள் பரிசாக மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறேன். பூட்டுவது நான்தான்.

நீயும் தர்சினியும் நோய் நொடியில்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நீடூழி வாழவேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசி. பனிக்காலச் சில்லுகளை இப்போதே பூட்டு, பிந்தாதே. அந்தப் புதனுக்கு முன் தனேஷுக்குச் சொல்லி லொறியை நிறுத்து. மறந்தாயானால் அந்த டிரைவருக்குத் தேத்தண்ணி கொடுத்து வெறும் லொறியாகத்தான் திருப்பி அனுப்புவேன். தைப் பொங்கலுக்கு வருகிறபோது விமான நிலையத்துக்கு அம்மாதான் ஓட்டிக்கொண்டு வருவாள், சொல்லிவிட்டாள். முன் இருக்கையில் அவளுடைய காலுக்கு இடம் வேண்டும். நீ பின்னால் உன் பழைய இடத்தில் ஏறு. மேடு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அப்பா
மோகனதாஸ்