கடலில் எறும்பு இல்லை

வேலம்மாவுக்கு உன் புருஷன் திருவேங்கடம் நாகப்பட்டினத்திலிருந்து எழுதுவித்த ஓலை. நீயும் அம்மாவும் சுகமாயிருக்கக் கங்கையம்மன் காக்கட்டும். நானும் சுகம்தான், தாகம் மட்டும் அடங்கவில்லை.

நான் வேலை செய்யும் உலாந்தா வெள்ளைக்காரர் கிடங்குக்குப் பின்னால் நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. நீரிழிவு என்றார்கள். கோட்டை வைத்தியன் ரத்தம் எடுக்கக் கத்தியோடு வந்தான், எழுந்து வந்துவிட்டேன். அடுத்துப் பார்த்த வைத்தியர் நாடி பிடித்து, நாலு பேர் எதிரில், "பெண் சகவாசம்" என்றார். "என் பொஞ்சாதி பழவேற்காட்டுல கீறா, இன்னா சகவாசம்?" என்று கேட்டு அவர் மருந்தை அவரிடமே வைத்தேன். யாராவது கதை சொன்னால் நம்பாதே.

மூன்றாவதாக நான் போய்ப் பார்த்த பவுனம்மாள்தான் நான் என்ன தின்கிறேன் என்று கேட்டாள். அவளே என் வைத்தியர். கள், வெல்லம் விட்டாயிற்று. ஊருக்குப் போய்ப் படு என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள், மாட்டேன். கஷாயத்துக்கு ஏரிக்கரை ஆவாரம்பூ அனுப்பு. நீயே பறி.

என்னைப் பெற்ற நைனா அந்நாளில் படகில் ஒரு குடம் தண்ணீரைத் தனியே குடிப்பார்; நானும் தம்பியும் சிரிப்போம். கடலில் நீர் கழித்தவருக்கு எந்த எறும்பு வந்து சொல்லும்? உருகிச் செத்தார், கடல்சூடு என்றோம். தம்பி நீலமேகமும் இப்போது குடத்தை விடுவதில்லை என்று சொல்லியனுப்பினாயே, அவனை மணலில் நீர் கழிக்கச் சொல். எறும்பு வந்தால் வலையைக் கீழே போட்டுவிட்டு இங்கே பவுனம்மாளிடம் வரட்டும். ஓலை எழுதும் கணக்கர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நாங்கள் சிரித்தது போதும்.