மூன்று எண்ணிய கை

மார்ச் 3, செவ்வாய்

நீச்சல் குளத்தில் இன்று ஏழு பேர் ஓடினார்கள். ஏழு தடவை விசில் ஊதினேன். ஓடக்கூடாது என்று சுவரில் இரண்டடி உயர எழுத்தில் எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்? அறுபத்திரண்டு வயதில் குளத்துக் காவலராக உயர நாற்காலியில் உட்கார்ந்து ஊரை மிரட்டுவதும் ஒரு சுகம்தான்.

மதியம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். படத்தொகுப்பாளராம். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் நடத்திய 'சனிக்கிழமை கோதா' மல்யுத்த நிகழ்ச்சியின் நாடாக்கள் முழுசாக அகப்பட்டுவிட்டனவாம். வாரம் வாரமாக இணையத்தில் ஏற்றப் போகிறார்கள். நடுவராக இருந்த நான் வந்து பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, புதன்

விடாக்கண்டி. நிகழ்ச்சிப் பட்டியலை அனுப்பியிருக்கிறாள், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தலைப்புடன். நாற்பத்தேழாம் வாரத்துக்கு நேரே: 'நடுவரின் தவறு.'

நாளைக்கே போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

ஜன்னல் இல்லாத சின்ன அறை, இரண்டு திரை, கடகடக்கும் மின்விசிறி. தொகுப்பாளருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நாற்பத்தேழை இப்போது போட வேண்டாம், முதலிலிருந்து போடும்மா என்றேன். பயம்தான், வேறென்ன.

எவ்வளவு அழகு! மறந்தே போயிருந்தேன். எங்கள் மல்லன் இடி உள்ளே வருகிறபோது அரங்கமே எழுந்து நிற்கிறது. ஆறரை அடி, கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத உடம்பு. போடுகிற கர்ஜனைக்காக வைத்த பெயர். எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போடுகிறான், கடைசி நொடியில் தன் முழங்காலைத் தரையில் கொடுத்து அவனை மெத்தென்று இறக்குகிறான். பார்க்கிறவர்களுக்கு எலும்பு நொறுங்கிய மாதிரி இருக்கும். விழுந்தவனுக்குச் சிராய்ப்புகூட இருக்காது. அத்தனை வருடமும் அடி வாங்கியது இவன் முழங்கால்தான்.

அப்புறம் தபால்காரர். காலையில் நிஜமாகவே வீடு வீடாகக் கடிதம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கோதாவுக்கு வருவார். எங்களைவிட எட்டு வயது மூத்தவர். வாராவாரம் தோற்பதுதான் அவர் வேலை. யார் ஜெயிப்பது என்பது உடை மாற்றும் அறையிலேயே முடிவாகிவிடும். ஆனால் அவர் மாதிரி தோற்க யாரால் முடியும்? மெலிந்த கை கால் எல்லாம் காற்றில் பறக்க விழுவார், அரங்கம் மூச்சை இழுத்துப் பிடிக்கும். அவர் விழுந்த விதத்தில்தான் மற்றவர்கள் வீரர்கள் ஆனார்கள்.

"சார், இதெல்லாம் பொய்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"முடிவு பொய்ம்மா. விழறது நெஜம்."

ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மார்ச் 6, வெள்ளி

நாற்பத்தேழாம் வாரத்தை நாடாவில் பார்ப்பதற்கு முன்னால், எனக்கு ஞாபகம் இருப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு மனசு மாற்றிப் பேசக் கூடாது.

நேரலை. பட்டம் வைத்திருக்கும் இடிக்கும் தபால்காரருக்கும் போட்டி. வழக்கம்போல இடி ஜெயிக்க வேண்டும். நடுவில் தபால்காரர் அவனைச் சாய்த்து மேலே படுப்பார், நான் இரண்டு எண்ணும்போது அவன் தோளைத் தூக்கிவிட வேண்டும். இரண்டு தோளும் தரையில் இருந்தால் மூன்று எண்ண வேண்டும், மூன்று விழுந்தால் தோல்வி — இது விதி. தூக்க வேண்டியது அவன் பொறுப்பு. மற்ற நடுவர்கள் கையை அந்தரத்தில் கொஞ்சம் நிறுத்தி வைத்துக் காப்பாற்றுவார்கள். நான் செய்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

எண்ண ஆரம்பிக்கும் முன் விழுந்தவன் விரலை யாருக்கும் தெரியாமல் அழுத்துவேன். 'நல்லாயிருக்கியா?' என்று அர்த்தம். திருப்பி அழுத்தினால் 'நல்லாயிருக்கேன்.' அழுத்தாவிட்டால் நிஜமாகவே அடிபட்டிருக்கிறது, ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அன்று இடி திருப்பி அழுத்தினான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்று எண்ணினேன். நாற்பத்தாறு வாரம் தோற்ற மனிதர் பட்டத்தை ஜெயித்துவிட்டார்.

அரங்கம் பைத்தியம் பிடித்த மாதிரி கத்தியது. உள்ளே தயாரிப்பாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் கை என்ன ரயில் பிடிக்கவா போச்சு? அவன் தோள் எழும்பினது ஊருக்கே தெரிஞ்சுது!" இடி பக்கத்தில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அத்தனை உயிருக்குயிராகப் பழகியவன், வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் வேறு நடுவர். மறுநாளே எனக்கு 'அவசரக்கை' என்று பெயர் விழுந்துவிட்டது. இன்றைக்கும் சிலர் கூப்பிடுகிறார்கள். இடி மார்க்கெட் பக்கம் சாவிக்கடை வைத்திருக்கிறான். எதிரே வந்தால் நான் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவேன்.

மார்ச் 9, திங்கள்

பார்த்தேன்.

குளத்து ஸ்டாப்வாட்சைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவோ, இரண்டுக்கும் மூன்றுக்கும் அவ்வளவே. மற்ற எல்லா ஆட்டத்திலும் அதே அளவு. என் கை அவசரப்படவில்லை! ஆனால் ஒளிபரப்பான படத்தில் இடியின் தோள் லேசாக எழுவது தெரிகிறது, உடனே என் முதுகு மறைத்துவிடுகிறது. பார்த்தவர்கள் அவன் எழுந்துவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"சார், ரெண்டாவது கேமரா நாடாவும் இருக்கு. இது ஒளிபரப்பே ஆகல" என்றாள்.

அதில் எதிர்ப் பக்கத்திலிருந்து அவன் முகம் தெரிந்தது. நான் 'ரெண்டு' என்கிறேன். வலது தோள் ஒரு விரற்கடை எழுகிறது. மேலே படுத்திருக்கும் தபால்காரரின் முகத்தைப் பார்க்கிறான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தோளை மெதுவாகக் கீழே வைக்கிறான்.

வைக்கிறான்! விழவில்லை, தூக்க முடியாமல் இல்லை. நாலு முறை போட்டுப் பார்த்தோம். வேண்டுமென்றே வைக்கிறான்.

மார்ச் 10, செவ்வாய்

குளத்துக்கு லீவு சொல்லிவிட்டு நேரே சாவிக்கடைக்குப் போனேன். பெட்டி மாதிரி கடை. இடி உள்ளே உட்கார்ந்தால் கடையை அவன் சட்டையாகப் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு ஸ்டூல், அதில் அவன். சுண்டுவிரல் அளவு சாவியை அந்தக் கையில் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். நான் வெளியே நின்றபடியே கேட்டேன்.

"தோளை ஏண்டா கீழ வெச்ச?"

நிமிர்ந்து பார்த்தான். என்ன, ஏது என்று கேட்கவில்லை. அரத்தைக் கீழே வைத்தான்.

"அடுத்த வருஷம் யார் யார் வேண்டாம்னு அன்னிக்குக் கதவுல ஒரு பட்டியல் ஒட்டியிருந்தாங்க. முதல் பேரே தபால்காரர் அண்ணன் பேர். அவர் அதைப் படிச்சார். படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம வந்து என் கணுக்கால் கட்டை அவுத்து, இறுக்கமா திரும்பக் கட்டி விட்டார். 'இது தளர்ந்திருக்கு, பாத்துக்கோ'ன்னார். நான் முன்கூட்டி ஒண்ணும் யோசிக்கல. நீ ரெண்டுன்னு சொன்னப்ப அவர் முகத்தைப் பாத்தேன். அவ்வளவுதான். பட்டம் வெச்சிருக்கிறவரை வேண்டாம்னு சொல்ல முடியாதில்ல."

"என்னை நினைச்சுப் பாத்தியா?"

"வேற நடுவரா இருந்தா கைய நிறுத்தியிருப்பான். நீ நிறுத்த மாட்டேன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

"சொன்னா அன்னிக்கே பட்டத்தைப் பிடுங்கியிருப்பாங்க."

"அது அன்னிக்கு. முப்பத்தொரு வருஷம்?"

அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சொன்னான்: "வெக்கம்டா. உன்னை மாட்டிவிட்டுட்டேன்னு தெரியும். நாள் போகப் போக வரவே முடியல."

திட்டுவதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். திட்டாமலே திரும்பிவிட்டேன். கோபம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உடம்பு, அந்தப் பெயர், ஒரு தடவைகூடத் தோற்காத கணக்கு — எல்லாவற்றையும் ஒரு நொடியில் கீழே வைக்க எனக்கு மனசு வந்திருக்குமா?

மார்ச் 11, புதன்

தபால்காரர் தொலைபேசியில் வந்தார். வயது எழுபது, குரல் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை பதிவுக்கு எங்கள் மூவரையும் கூப்பிட்டிருக்கிறார்களாம், அவருக்கு ஒரே குஷி.

"தம்பி, உன் கை தப்புன்னு ஊரே சொல்லுச்சு. நான் ஒரு நாளும் நம்பல. அன்னிக்கு நான் அவனை நெஜமாவே அமுக்கிட்டேன். இடுப்புல ஒரு பிடி போட்டேன் பாரு, அவனால அசைய முடியல. மத்ததெல்லாம் நாம பேசி வெச்சது. அது ஒண்ணுதான் என்னுது."

சனிக்கிழமை பார்ப்போம் அண்ணே என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

என்ன பண்றது? அந்த ரெண்டாவது நாடாவைப் போட்டாப் போதும், என் பேரு சுத்தமாயிடும். கேட்கறவன் வாயெல்லாம் அடைஞ்சிடும். ஆனா அவரு? நாற்பத்தாறு வாரம் தரையில புரண்ட மனுஷன். அவருக்குன்னு இருக்கறது அந்த ஒண்ணு. அதையும் போய், 'இல்ல அண்ணே, அது பிச்சை'ன்னு நான் சொல்லணுமா? நான் ஏன் சொல்லக்கூடாது? நான் என்ன தப்பு பண்ணினேன்?

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இடியின் படத்தை நோட்டில் ஒட்டி வைத்திருந்தவள், அவளிடம் நியாயம் கேட்டால் இப்படித்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "முப்பத்தொரு வருஷம் அவசரக்கையோட குடித்தனம் பண்ணிட்டேன், இன்னும் கொஞ்ச நாள் பண்ண மாட்டேனா?" என்றாள். சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தொகுப்பாளருக்கு அழைத்து, இரண்டாவது நாடா வேண்டாம், தலைப்பு அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். "சார், நிச்சயமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். இடிக்கும் சொல்லிவிட்டேன்: அண்ணன் அதை நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார், கை தவறிவிட்டது என்று நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

மார்ச் 14, சனி

மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் நான். தபால்காரர் பழைய பட்டத்தின் இடுப்புப் பட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், விளிம்பெல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். இடி இரண்டு கைத்தடியோடு வந்தான். ஊரையே மெத்தென்று இறக்கிவிட்ட முழங்கால்கள், இப்போது உட்காரவே யோசிக்கின்றன.

நாற்பத்தேழாம் வாரத்தைத் திரையில் போட்டார்கள். நான் எண்ணுகிறேன், அரங்கம் கத்துகிறது, தபால்காரர் அந்தப் பட்டையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். எங்கள் தபால்காரரும் திரையைப் பார்த்தபடி அதைத் தூக்கினார், இந்த முறை சரியாக.

"நடுவர் சார், அன்னிக்கு என்னதான் ஆச்சு?" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தொகுப்பாளர் கேட்டாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அது வந்தும்மா, என் கை கொஞ்சம்—"

"அவன் கையில ஒண்ணும் தப்பில்ல."

இடி. அந்தப் பழைய குரல், அறையே அதிர்ந்தது.

"தோள் எழும்பின மாதிரி தெரிஞ்சிருக்கும். அப்புறம் தரைக்கே வந்துடுச்சு. அவன் சரியாத்தான் எண்ணினான். இவர் போட்ட பிடியில என்னால எந்திரிக்க முடியல. நான் தோத்துட்டேன். இத்தனை வருஷம் ஒத்துக்க மனசு வரல, அதான் பழியை இவன் தலையில விட்டுட்டுப் பேசாம இருந்தேன்."

தபால்காரர் எழுந்தே விட்டார். "நான் சொன்னேனா இல்லியா? சொன்னேனா இல்லியா?" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர். தொகுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பார்த்திருக்கிறாள் அல்லவா.

நாற்காலிக்குக் கீழே இடியின் விரலைத் தேடி அழுத்தினேன். அவனும் அழுத்தினான்.

மார்ச் 28, சனி

இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். நாற்பத்தேழாம் வாரத்தின் தலைப்பு மாறியிருக்கிறது: 'இடி தோற்ற நாள்.' மனைவி இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். குளத்தில் டிக்கெட் கொடுப்பவர் எழுந்து நின்று கை கொடுத்தார், அவரேதான் போன மாதம்வரை அவசரக்கை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

இதற்காகத்தானே இத்தனை வருடம் ஏங்கினேன். இப்போது அந்தத் தலைப்பைப் பார்த்தால் அழுகை வருகிறது. ஒரு தடவை தபால்காரருக்காகத் தோற்றான். இந்தத் தடவை எனக்காகவும்.

சாயங்காலம் சாவிக்கடைக்குப் போனேன். உள்ளே இடமே கிடையாது. ஆனாலும் எப்படியோ இடித்துப் பிடித்து இன்னொரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தான்.