புத்தக அறையின் கிழக்குக் கதவு

நம் வீடு,
முன்னோருக்குச் சோறு படைக்கும் பதினைந்து நாட்களில் பத்தாம் நாள்.

அன்பு மகள் தாவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் சொரியாவும் இரண்டு மாடுகளும் நலம். கொரியாவில் குளிர் தொடங்கியிருக்கும். வெள்ளரிக்காய் பறிக்கிற கூடாரத்துக்குள் வியர்த்துவிட்டு அப்படியே வெளியே வராதே. துண்டைப் போர்த்திக்கொண்டு வா.

யாரைப் பிடித்து இந்தக் கடிதத்தை எழுத வைத்தாய் என்று கேட்பாய். யாரையும் பிடிக்கவில்லை. இது என் கை. உனக்குத் தெரிந்த அம்மா கட்டைவிரல் வைக்கிறவள். ஆனால் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவேன். அதை உன்னிடம்கூட ஏன் மறைத்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லப் பார்த்தேன், மாடுகளைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் சொரியாவின் தேர்வு. வாத்தியார் படிப்பைப் போனிலேயே படித்துக்கொண்டிருக்கிறாள். தையல் ஆலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து பாடம் கேட்கிறாள். போன மாதம் அனுப்பிய கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். நான் சந்தையில் நாலு பேரிடம்தான் சொன்னேன். ஊர் முழுக்கச் சொன்னதாக அவள் கோபித்துக்கொண்டாள்.

பாடம் போனில் நடந்தாலும், தேர்வை ஒருவர் கண்ணெதிரே உட்கார்ந்து கையால் எழுத வேண்டுமாம். தலைநகரம் போய் எழுதிவர இரண்டு நாள் ஆகும். ஆலையில் ஞாயிறு ஒன்றுதான் லீவு. சென்ற தடவை போக முடியாமல் விட்டுவிட்டாள். இந்தத் தடவையும் எழுதாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து எழுத்தில் வந்துவிட்டது. உள்ளூரிலேயே எழுத வேண்டுமென்றால் கண்காணிப்பாளர் ஒருவரை நாமே தேடித் தர வேண்டும். அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அரசு வேலையில் இருப்பவராகவோ இருந்து ஓய்வு பெற்றவராகவோ இருக்க வேண்டும். மூடிய அறையில் அவரும் அவளும் மட்டும் இருக்க வேண்டும்.

நம் ஊரில் சொந்தமில்லாதவரைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தலைமை ஆசிரியரிடம் போனோம். அவர் உன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. “நான் சின்னத் தாத்தா இல்லைன்னு கையெழுத்துப் போடட்டுமா அண்ணி? அப்புறம் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாம விட்டுடுவீங்க” என்று சிரித்தார். விகாரையின் தலைமைப் பிக்குவுக்கு அரசுப் பட்டியலில் பெயர் உண்டு என்று அவரிடம் போய்க் கும்பிட்டு உட்கார்ந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மூணு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பொண்ணோட நான் தனியா இருந்தா, பரீட்சையில அவ தேறிடுவா, நான் தோத்துடுவேன்” என்றார். துணைக்கு ஒரு ஆளை உட்கார வைத்தால் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாது. பிறகு அவரே சொன்னார்: “நம்ம புத்தக அறையைப் பார்த்துக்கிற கெம் இருக்காரே. ஊராட்சி ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்து ஓய்வு வாங்கினவர். அவரைக் கேளுங்க.”

சொரியா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். என் கை ஜில்லென்று இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

கெம்மை உனக்குத் தெரியும். மனைவி ஊர் என்று பத்து வருஷத்துக்கு முன் இங்கே வந்து குடியேறியவர். இடது காது மடலில் பாதி இருக்காது. என்னைவிட மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவதுதான் முறை. இந்தப் பத்து வருஷத்தில் ஒருநாளும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. முறை எதுவும் சொல்லாமலே பேசிச் சமாளித்திருக்கிறேன்.

ஆட்சியைப் பிடித்தவர்கள் பள்ளிகளை மூடி எல்லோரையும் கால்வாய் வெட்டத் துரத்திய அந்த வருஷங்களைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். என் அண்ணன் விபோல் காய்ச்சலில் போனான் என்று சொன்னேன். அது பொய்.

அண்ணன் வாத்தியார் பயிற்சியில் சேர்ந்து முதல் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் அந்த ஆட்சிக்காரர்கள் கால்வாய்க் கரைக்கு வந்து, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல வேலை இருக்கிறது, பெயர் கொடுங்கள் என்றார்கள். அண்ணனைத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள், அவனால் மறைக்க முடியவில்லை. போவதற்கு முன் என் தோளைப் பிடித்துச் சொன்னான்: “உனக்கு எழுதத் தெரியாது. படிக்கத் தெரியாது. யார் கேட்டாலும் தெரியாது. நான் வந்து சொல்ற வரைக்கும் தெரியாது.”

பழைய பள்ளிக்கூடத்தில், இன்று விகாரையின் புத்தக அறையாக இருக்கிற அதே அறையில், அவர்களை உட்கார வைத்தார்கள். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். மேற்குக் கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள். நான் அந்தக் கதவருகே என் கஞ்சித் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் வந்ததும் பாதி கொடுக்கலாம் என்று. பேப்பரும் பென்சிலும் கொடுத்துவிட்டு அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பதினைந்து வயதுப் பையன். இடது காதில் துணி கட்டியிருந்தது, ரத்தம் ஊறியிருந்தது. அந்தக் கதவு வழியாக யாரும் திரும்பி வரவில்லை.

அந்தக் காதைத்தான் பத்து வருஷமாக விகாரையில் பார்க்கிறேன். செத்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பிக்குமார் வாசித்துப் பிரார்த்திப்பார்களே, அந்தத் தாள்களை வாங்கி அடுக்குகிறவரும் அவர்தான். உன் அப்பா பெயரை, தாத்தா பாட்டி பெயரை உன்னை எழுதவைத்துக் கொடுத்தேன். அண்ணன் பெயரைக் கொடுக்கவில்லை. அவர் கையில் அந்தப் பெயர் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெயர் வாசிக்கப்படாதவர்கள் ஏழு விகாரைகளுக்கு அலைந்து தேடுவார்கள் என்று சொல்வார்கள். எத்தனை வருஷம் அவனை அலைய விட்டிருக்கிறேன் பார்.

சொரியாவிடம் இதை எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவரிடம் எழுத மாட்டாள். எழுதாவிட்டால் படிப்பு போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுப் பெரியவர் சம்மதம் என்று படிவத்தில் ஓர் இடம் இருந்தது. கெம் வழக்கம்போல மைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். என் கட்டைவிரல் பாதி தூரம் போய்விட்டது. பிறகு என்ன வந்ததோ, அவர் பேனாவை எடுத்து என் முழுப் பெயரையும் எழுதினேன். ஒரு தப்பில்லை. சொரியா, “பாட்டி, உனக்கு எழுத வருமா?” என்று வாயைப் பிளந்தாள். “அஞ்சாவது வரைக்கும் போனேன். மிச்சத்தை அண்ணன் சொல்லிக்கொடுத்தான்” என்றேன். கெம் படிவத்தில் இருந்த குடும்பப் பெயரைப் பார்த்தபடியே இருந்தார். பேனாவுக்கு மூடி போட மறந்துவிட்டார்.

நேற்று ஞாயிறு, தேர்வு. கேள்வித்தாள் மினிபஸ்ஸில் உறையிட்டு வந்தது. எட்டு மணிக்கு அவள் மேற்குக் கதவு வழியாகப் போனாள். கதவு மூடியது. சொந்தக்காரர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதால் நான் கிணற்றடியில் நின்றேன். அவள் பசியோடு வருவாளே என்று வாழையிலையில் சோறு கட்டி வைத்திருந்தேன். கையில் சோற்றோடு அந்தக் கதவைப் பார்த்து நிற்கிறேன் என்பது பத்து மணிக்குத்தான் எனக்கு உறைத்தது.

பதினொன்று அடித்தது. கதவு திறக்கவில்லை. பதினொன்றே கால் ஆயிற்று. போய்த் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. மேசை, நாற்காலி, ஒரு பென்சில். எதிர்ச் சுவரில் கிழக்குக் கதவு திறந்து கிடந்தது.

தாவி, அப்போது நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சோறு கீழே சிந்தியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சொரியா சுட்ட வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு கிழக்குக் கதவு வழியாக வந்தாள். விடைத்தாளை அவள் கண்முன்னே ஒட்டி, பஸ் டிரைவர் கையில் கொடுக்க வேண்டுமாம். ரோட்டுக்கு அந்த வழிதான் பக்கம் என்று இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். “என்ன பாட்டி, ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே? ஒரு கேள்வி விடாம எழுதிட்டேன்” என்றாள். நான் அவள் முகத்தை, கையை, கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கூச்சமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு கை கழுவக் கிணற்றுக்குப் போனாள்.

கெம் வாசலிலேயே நின்றார். சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “வாசல்ல ஒரு சின்னப் பொண்ணு தட்டோட நின்னுச்சு. ரெண்டு நாள் நின்னுச்சு” என்றார்.

அண்ணன் எந்தக் கதவு வழியாகப் போனான் என்று கேட்டேன். கிழக்கு என்றார். அதற்குப் பிறகு என்று கேட்டேன். “நான் பேப்பரைத்தான் அடுக்கினேன். வெளியே என்ன நடக்குதுன்னு முதல் நாள் எனக்குத் தெரியாது.” குனிந்து சிந்திய சோற்றைக் கையால் கூட்டிக்கொண்டே, “ரெண்டாம் நாள் தெரியும். அப்பவும் அடுக்கினேன்” என்றார்.

மேசையில் பெயர் எழுதும் தாள்கள் இருந்தன. ஒன்றை இழுத்து, கிடந்த பென்சிலால் மியாஸ் விபோல் என்று எழுதினேன். அவரிடம் கொடுக்கவில்லை. நானே கொண்டுபோய்த் தலைமைப் பிக்குவின் முன்னால் வைத்தேன். இன்று காலை வாசித்தார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அவன் பெயர் மனிதர் காதில் விழுந்தது.

சொரியாவுக்கு இன்னும் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது, அடுத்த ஞாயிறு. கிழக்குக் கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியைக் கெம் எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவளை மேற்குக் கதவு வழியாகவே கொண்டுவந்து விடுகிறாராம். சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. சொரியா அவரிடமே எழுதட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். மன்னித்தேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அண்ணே என்று இன்னும் கூப்பிடவில்லை. தேர்வு முடிகிறவரை அவளிடம் எதுவும் சொல்லாதே. முடிந்ததும் நானே சொல்வேன். வாத்தியாராகப் போகிறவள், தெரிந்திருக்க வேண்டும்.

நீ போனில் எழுதி அனுப்புவதையெல்லாம் சொரியா படித்துக் காட்டுவாள் அல்லவா? அவள் வருவதற்குள் நான் இரண்டு முறை படித்திருப்பேன். மூன்றாவது முறை புதிதாகக் கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். இனிமேல் அந்த நடிப்பு வேண்டாம். எனக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது.

உன் ஒப்பந்தம் முடிய ஒன்பது மாதம் இருக்கிறது. அடுத்த வருஷம் இந்தப் பதினைந்து நாட்களுக்குள் வந்துவிடு, உன் மாமன் பெயரை உன் கையால் எழுது. உனக்கு எந்தக் குறையும் வராமல் முன்னோர் காக்கட்டும். எந்த வாசல் வழியாகப் போனாயோ, அந்த வாசல் வழியாகவே திரும்பி வா, மகளே. நான் அங்கேதான் நிற்பேன்.

இப்படிக்கு
உன் அம்மா
மியாஸ் சாரன்